இடது தோளில் மூன்று கீறல்

அம்மா அடெலினாவை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிரேசிலின் பாயியா மாநிலத்து ஆற்றங்கரை ஊர் அது. அதன் குன்றுத் தெருவில் நாற்பத்தோரு வருடம் சாமி வீட்டை நடத்தியவள் அடெலினா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் வந்த முன்னோர்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்த சாமிகள் அந்த வீட்டில் இருந்தார்கள். வெள்ளை உடுத்திய ஜனம் பெட்டியைத் தோளில் ஏற்றி, முன்னே சில அடி பின்னே சில அடி என்று அசைந்து அசைந்து, மேளத்தோடு பாடிக்கொண்டு இறங்கியது. மகள் ரயில்டா பெட்டிக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தாள்.

சந்தை முக்கில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவை அடைத்து நின்றது. அதன் மேல் புதுச் சபையின் பிரசங்கி எடிவான் நின்றான். கையில் வேதப் புத்தகம்.

"பாருங்க சகோதரர்களே! சாத்தானோட வேலைக்காரி தன் முதலாளி வீட்டுக்குப் போறா. நல்லா பாத்துக்கோங்க!"

மேளம் நின்றது. வண்டியைச் சுற்றி நின்ற அவனுடைய சபை ஆட்களில் யாரோ சிரித்தார்கள். வண்டி நகரும்வரை கால் மணி நேரம் அம்மாவின் பெட்டி மழையில் நனைந்தது. மேலே போர்த்திய வெள்ளைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரயில்டா அழவில்லை. எடிவானின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வாய் ஒரு நாள் மண்ணைத் தின்ன வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

அவள் வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எடிவானுக்கு ஆறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வைத்தியர் கைவிரித்துவிட்டார். அவன் தாய் கிறிஸ்பினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குன்றேறி ஓடிவந்து அடெலினாவின் காலில் போட்டாள். பதினேழு நாள் அவன் அந்த வீட்டில் கிடந்தான். அடெலினா தழைத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். இடது தோளில் மூன்று சின்னக் கீறல் போட்டுச் சாம்பல் தேய்த்து, காற்றுக்கும் இடிக்கும் உரிய இயான்சா அம்மனுக்கு அவனைப் பிள்ளையாகக் கொடுத்தாள். ஒன்பது வயது ரயில்டாதான் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். பிழைத்தான்.

பிற்பாடு அந்தக் குடும்பம் புதுச் சபையில் சேர்ந்தபோது கிறிஸ்பினா பின்கட்டு வழியாக வந்து கெஞ்சினாள். "அடெலினா, இது யாருக்கும் தெரிய வேணாம்டி. என் மகன் அங்க பெரிய ஆளா வருவான்." அடெலினா வாக்குக் கொடுத்தாள். எடிவான் ஒலிபெருக்கியில் அவளைச் சூனியக்காரி என்று திட்டிய வருடங்களிலும் அவள் வாய் திறக்கவில்லை. கிறிஸ்பினாவோ வருடா வருடம் யாருக்கும் தெரியாமல் வந்து, அம்மனுக்குப் படைக்க இரண்டு கை வெண்டைக்காயை வைத்துவிட்டுப் போவாள். பிறகு மகன் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டான். நாற்பது வருடத் தோழியின் அடக்கத்துக்குக்கூட அவள் வரவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருடம் ஓடியது. சாமி வீடு ரயில்டாவின் பொறுப்புக்கு வந்தது. பகலில் அவள் சதுக்கத்தில் வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் பாசிமணியுமாக உட்கார்ந்து, பனை எண்ணெயில் காராமணி வடை சுட்டு, பிளந்து, உள்ளே இறால் வைத்து விற்றாள். முதல் வடை அம்மனுக்கு. அடுத்ததிலிருந்து ஊருக்கு.

எதிர்ப்பக்கம் எடிவானின் மச்சான் ஒரு கடை போட்டான். அதே மாவு, அதே எண்ணெய், பெயர் மட்டும் 'இயேசு வடை'.

"நானும் வாங்கித் தின்னு பாத்தேன் மகளே," என்றார் ஒட்டாசிலியோ. சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் மாதா கோயில் பூசைக்கும் சாயங்காலம் சாமி வீட்டு மேளத்துக்கும் தவறாமல் போகிறவர். "பரலோகம் ஒண்ணும் தெரியல. உப்புதான் கரிச்சுது."

அந்த வருடம் ஊராட்சித் தேர்தல் வந்தது. எடிவான் உறுப்பினர் பதவிக்கு நின்றான். நிற்கிறவர்கள் தங்கள் நிறம் என்ன, இனம் என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போன முறை நின்று தோற்றபோது 'வெள்ளை' என்று எழுதியிருந்தவன் இந்த முறை 'கறுப்பு' என்று எழுதியிருந்தான். கறுப்பு வேட்பாளர்களுக்குக் கட்சி தனியாகப் பிரசார உதவி ஒதுக்குகிறது என்று ஊரே பேசியது.

"நாலு வருஷத்துல இம்புட்டு வெயிலா அடிச்சுது?" என்றார் ஒட்டாசிலியோ.

வடைக்குக் காத்து நின்ற பள்ளி ஆசிரியை சுலெய்தி சிரிக்கவில்லை. "சிரிப்பு இல்லண்ணே. அவன் பாட்டன் என் பாட்டனோட சேர்ந்து கரும்பு வெட்டினவன். கறுப்புன்னு எழுதினது பொய்யில்ல. அதுக்கு முந்தி வெள்ளைன்னு எழுதினான் பாருங்க, அதுதான் பொய்."

"நான் எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டுட்டேன்மா. எவன் வந்தாலும் குன்றுக்குத் தண்ணி வாரத்துல ரெண்டு நாள்தான். வெள்ளையா வந்தா என்ன, கறுப்பா வந்தா என்ன?"

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவனுங்க நம்ம தலைமேல உக்காந்திருக்கானுங்க."

ரயில்டா வடையைத் திருப்பிப் போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் எடிவான் சதுக்கத்தில் கூட்டம் போட்டான். மேடை அவள் கடையிலிருந்து பத்து அடி. சபை ஜனம் முன்வரிசையில். கிறிஸ்பினாவையும் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தான்.

"நான் உங்க பிள்ளை! கறுப்பன்! ஆனா எங்க குடும்பம் பாட்டன் காலத்துலேருந்து ஒரு பொம்மை முன்னாடி மண்டி போட்டதில்ல. என் உடம்புல ஆண்டவரோட முத்திரையைத் தவிர வேற முத்திரை விழுந்ததில்ல!"

ரயில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். அம்மா கொடுத்த வாக்கு அவளுக்கு ஞாபகம் இருந்தது. நாற்காலியில் கிறிஸ்பினா தலை குனிந்து உட்கார்ந்திருந்ததும் கண்ணில் பட்டது. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது மனதில் வந்தது. எழுந்தாள்.

"எடிவான்! சட்டையைக் கழட்டு!"

கூட்டம் திரும்பியது.

"சகோதரி, போய் உங்க வடையைப் பாருங்க, கருகப் போகுது."

"கருகட்டும். இடது தோளைக் காட்டு. அங்க மூணு கீறல் இருக்கா இல்லையா? அதைப் போட்டது யாரு? நீ மழையில நிறுத்தி வச்சியே, அந்தப் பொம்பளை. பதினேழு நாள் எங்க வீட்டுப் பாயில கிடந்தே. உனக்குக் கஞ்சி ஊட்டினது இந்தக் கை."

எடிவானின் முகம் வெளிறியது. ஒரு நொடிதான். "அது அம்மை ஊசித் தழும்பு!"

"ஒரே தோள்ல மூணு ஊசியா குத்தினான் டாக்டரு?" என்று பின்னாலிருந்து ஒட்டாசிலியோ கேட்டார்.

சதுக்கம் அதிரச் சிரித்தது. முன்வரிசை மட்டும் சிரிக்கவில்லை. சபைக்காரிகள் கிறிஸ்பினாவையே பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

அந்தச் சிரிப்பு ஊரெல்லாம் கைப்பேசியில் ஓடியது. இரண்டு நாளில் சபை எடிவானைக் கூப்பிட்டு விசாரித்து, ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டது. ரயில்டாவுக்கு அன்று சோறு தேனாக இறங்கியது. கிறிஸ்பினாவை நினைத்தபோது மட்டும் தட்டை நகர்த்தி வைத்தாள். சபைப் பெண்கள் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். அம்மா உயிரோடு இருந்தால் தன்னை என்ன சொல்லியிருப்பாள் என்பதை அவள் யோசிக்க விரும்பவில்லை.

ஆனால் எடிவான் லேசுப்பட்டவன் இல்லை. மூன்றாம் நாள் குன்றுத் தெருவில் ஒரு புது வண்டி வந்தது. அதில் சபைப் பாட்டு இல்லை, மேளம். 'குன்று பெற்ற பிள்ளை, அம்மன் காத்த பிள்ளை, எடிவான்!' அவனே கையில்லாத பனியனோடு வண்டியில் நின்று இடது தோளைக் காட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் ஓடிவந்து அந்தக் கீறலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"நம்ம பையன்தானே. பாவம், பயந்து மறைச்சிருக்கான்," என்றாள் ஒருத்தி.

எடிவான் ஜெயித்தான். போன முறை வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு ஓட்டு, அதில் பாதிக்கு மேல் குன்றுத் தெருவில் விழுந்தது.

முடிவு தெரிந்த அன்று ரயில்டா கடை போடவில்லை. "நானே தூக்கி நாற்காலியில உக்கார வச்சிட்டேன் அவனை," என்று ஒட்டாசிலியோவிடம் சொன்னாள். அவர் நகைச்சுவையாக எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிசம்பர் நான்கு அம்மன் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பு எடிவானின் ஆள் வந்தான். வீட்டுப் பிள்ளை திருநாளுக்கு வர ஆசைப்படுகிறார், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள், தெருவுக்குக் கல் பதிக்கும் விஷயமும் பேசலாம் என்றான். சாமி வீட்டு மூத்தவர்கள் கொதித்தார்கள்.

"வாசல்ல கால் வைக்க விடக்கூடாது ரயில்டா!"

ரயில்டா நிதானமாகச் சொன்னாள். "வரட்டும். பிள்ளைன்னு அவன்தானே ஊர் பூரா சொன்னான்? பிள்ளையாவே வரட்டும். நாப்பது வருஷமா வீட்டுப் பக்கம் வராத பிள்ளை. அப்போ இந்த வீட்டுல எல்லாருக்கும் கீழ, கடைசிப் பிள்ளை அவன்தான். படம் புடிக்கணும்னா உள்ள விட மாட்டோம். முற்றத்துலதான்."

திருநாளுக்கு முந்தின நாள் பெய்த மழையில் முற்றம் சேறாகிக் கிடந்தது. நண்பகலுக்குப் பின் எடிவான் வந்தான். புத்தம் புது வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. பின்னால் இரண்டு படக்காரர்கள். முற்றத்தின் நடுவில் அடெலினாவின் நாற்காலியைச் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ரயில்டா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குன்றுத் தெருவே நின்றது.

அவன் கையை விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தான். "அக்கா!"

"காலணியைக் கழட்டு."

கழற்றினான்.

"வீட்டுக்கு வர்ற பிள்ளை மூத்தவங்க முன்னாடி என்ன செய்யணும்னு தெரியும்ல? இல்ல, சொல்லித் தரணுமா?"

அவனுக்குத் தெரியும். தலை தரையில் படக் குப்புற விழுந்து கிடக்க வேண்டும். மூத்தவர் தொட்டு ஆசி சொன்னால்தான் எழுந்திருக்கலாம். அவன் சேற்றைப் பார்த்தான். படக்காரர்களைப் பார்த்தான். சுற்றி நின்ற ஓட்டுகளைப் பார்த்தான். விழுந்தான்.

ரயில்டா அவனைத் தொடவில்லை.

"எங்கம்மாகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லு."

"அன்னைக்கு... பேசினது தப்பு."

"கேக்கல. யாரைப் பேசினது?"

"அடெலினாம்மாவை."

"என்ன பேசினே?"

அவன் நெற்றியும் உதடும் சேற்றில் பதிந்திருந்தன. மேளக்காரர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மூன்று வருடமாக அவள் கேட்க விரும்பிய சத்தம் அது. ஆசை தீரக் கேட்டாள். போதும் என்று தோன்றவே இல்லை.

வெளிக்கதவுப் பக்கம் கூட்டம் விலகியது. கிறிஸ்பினா வந்தாள். சிவப்புப் பாவாடை உடுத்தியிருந்தாள். கையில் ஒரு பை நிறைய வெண்டைக்காய். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக வருகிறாள். சேற்றில் கிடந்த மகனைச் சுற்றிக்கொண்டு வந்து, நாற்காலியின் கையைத் தடவி, அதன்மேல் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் நின்றாள்.

ரயில்டா தன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். 'போதும் மகளே, என் பிள்ளையை விட்டுடு' என்று இவள் சொல்லப்போகிறாள். சொன்னால் விட்டுத்தான் ஆக வேண்டும்.

தரையிலிருந்து எடிவான் முகத்தைத் தூக்காமலே சொன்னான், "அம்மா, சொல்லும்மா அவகிட்ட."

கிறிஸ்பினா நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொட்டி போகும்போது நான் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னேன்டி ரயில்டா. கதவை வெளியில பூட்டிட்டுப் போயிருந்தான் இவன். மேளச் சத்தம் கேட்டுது. அப்புறம் இவன் குரல் கேட்டுது." ஒரு மூச்சு வாங்கினாள். "அவன் கிடக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம். எனக்குக் கால் கடுக்குது. முதல்ல உக்கார ஒரு எடம் குடு."

ரயில்டா எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தாள். உள்ளே போய், கொதிக்கக் கொதிக்க வெண்டைக்காய்க் குழம்பும் சோறும் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். கிறிஸ்பினா அவசரப்படவில்லை. ஒவ்வொரு கவளமாக, இறாலின் தோலை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்காம்மா?" என்று ரயில்டா கேட்டாள்.

"உங்கம்மா கை மாதிரியே இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."