முப்பதுக்கு மூன்று குறைவு

தேர்வு முடிவுகள் வெளியான காலையில், செந்தமிழ் தன் கைப்பேசியில் தெரிந்த ஐம்பத்தொன்று என்ற எண்ணையும், அதனருகே இருந்த 'தேர்ச்சி இல்லை' என்ற சொற்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கலப்பெண் பகுப்பாய்வு என்னும் அந்த ஒரு கணிதத் தாளைத் தவிர மற்ற அனைத்திலும் அவள் நன்றாகவே தேறியிருந்தாள். தேர்ச்சிக்கு நாற்பது போதும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆகவே இது கணினியின் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி, உடன் படித்த சந்தியாவை அழைத்தாள்.

"எனக்கு நாப்பத்தி ஒண்ணு, பாஸு" என்றாள் சந்தியா.

"நாப்பத்தி ஒண்ணு பாஸு, அம்பத்தி ஒண்ணு ஃபெயிலா? இன்னாடி கணக்கு இது?"

"எக்ஸ்டர்னல்ல எவ்ளோ, பாரு."

"இருபத்தி ஏழு."

"எழுபத்தஞ்சுக்கு முப்பது எடுக்கணும்டி. அது தனி. இன்டர்னல் இருபத்தஞ்சைக் கூட்டறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். எனக்கு அதுல முப்பத்தி ஒண்ணு, தப்பிச்சேன்."

"இதை யாரு சொன்னா?"

"ஃபர்ஸ்ட் இயர்லயே சொன்னாங்க. உன் காதுல எங்க ஏறும்? நீ எப்பவும் அறுபதுக்கு மேல. பாஸாவுமா ஆவாதான்னு பயந்துனு கெடக்கிற எங்களுக்குத்தான் இந்த ரூல்ஸெல்லாம் மனப்பாடம்." பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "நீ ஏன்டி அன்னைக்கு பாதியில எழுந்து போன?"

"அப்புறம் சொல்றேன்" என்று செந்தமிழ் அழைப்பைத் துண்டித்தாள்.

அந்தப் பதிலை வாசகர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுவது முறையாக இருக்கும். தேர்வு நாளன்று திண்டிவனத்தில் இருந்த அந்தக் கல்லூரியின் சன்னல் வழியாக, மேற்கே மேகம் கறுத்துத் திரள்வதை அவள் கண்டாள். கோடையில் அங்கே எழும் மேகம் சில மணி நேரத்தில் அவள் ஊரான மரக்காணத்துக்கு வந்துவிடும். அங்கே உப்பளத்தில், அவளுடைய தந்தை முருகையனின் குழு பல நாட்களாக வாரிச் சேர்த்த உப்பு, இன்னும் அளக்கப்படாமல் வரப்பின்மேல் குவிந்து கிடந்தது. அளப்பதற்கு முன் மழையில் கரைந்த உப்புக்குக் கூலி கிடையாது. குழுவில் பெரும்பாலோர் கிளியனூரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு அப்பாவும் அம்மாவும் மட்டுமே இருந்தனர்.

அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இன்டர்னல் என்னும் அகமதிப்பீட்டில் இருபத்து நான்கு முன்பே கையில் இருந்தது. இன்னும் பதினாறு எடுத்தால் நாற்பது ஆகிவிடும். ஒன்றிரண்டு தவறினாலும் குறையாதிருக்கட்டும் என்று இருபத்தேழு மதிப்பெண்ணுக்கு எழுதி முடித்து, எஞ்சிய பக்கங்களின் குறுக்கே கோடிட்டு, தாளைக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடித்தாள்.

இப்படி ஒரு கணக்கு அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. முருகையனின் குழுவில் ஒருவர் வாரியது எவ்வளவு, இன்னொருவர் வாரியது எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. மொத்தக் குவியலை அளந்து கூலியைச் சமமாகப் பங்கிடுவார்கள். காய்ச்சலோடு வந்து பாதிக் கூடை சுமந்தவரின் குறையை மற்றவரின் மிகுதி நிரப்பிவிடும். விடுமுறைகளில் அந்தக் குழுவோடு வாரி வளர்ந்தவளுக்கு, கூட்டுத்தொகைக்குள்ளே தனியாக ஓர் அளவுகோல் நிற்கும் என்று தோன்றவே இல்லை.

அன்று மழை பெய்தது. குவியல் நனையவில்லை.

முடிவு வந்த மறுநாளே விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரி அவளுக்கு முதுகலைக் கணிதத்தில் இடம் ஒதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாத் தாளிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். இல்லையேல் அந்த இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். வியாழனன்று நகல் கிடைத்ததும், அதை எடுத்துக்கொண்டு பேராசிரியர் புருஷோத்தமன் அவர்களிடம் ஓடினாள். அகமதிப்பீட்டில் இருபத்து நான்கு வழங்கியவர் அவர்தான்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். மூன்றே மதிப்பெண்கள், எங்காவது ஒரு படியைத் திருத்தியவர் கவனியாமல் விட்டிருக்கலாம். அவர் முன்னும் பின்னும் புரட்டினார். கூட்டலையும் சரிபார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"நீ எழுதினதுக்கெல்லாம் ஃபுல் மார்க் போட்டிருக்காங்கம்மா. ரீவேல்யுவேஷன்ல குறைஞ்சாதான் உண்டு, கூட வழியே இல்ல."

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"இன்டர்னல்ல எனக்கு இருபத்தி நாலு இருக்குதுங்களே. அதுல ஒரு மூணு எடுத்து இதுல போட்டுட்டா... டோட்டல் மாறாதுங்க சார். அதே அம்பத்தி ஒண்ணுதான் இருக்கும்."

புருஷோத்தமன் அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அது முடியாதும்மா. இன்டர்னல் போடறது நாங்க. வேண்டியவங்களுக்கு அள்ளிப் போட்டுடக் கூடாதுன்னுதான் எக்ஸ்டர்னலுக்குத் தனி மினிமம் வச்சிருக்கு. அடுத்த மாசம் ஸ்பெஷல் எக்ஸாம் வருது. ஒரு அரியர்தான், எழுதினா பாஸாயிடுவ."

"சீட்டு நாளையோட முடியுதுங்க சார்."

அவர் நகலை மீண்டும் ஒருமுறை கையில் எடுத்து, முன்பே படித்த பக்கங்களைப் படிக்கத் தொடங்கினார். அவர் முடிக்கும் வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, புதுச்சேரிக் கல்லூரி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது, அவள் உப்பளத்துக் கொட்டகையில் இருந்தாள். முருகையனிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் கோபப்படவில்லை. அவருக்கு அது புரியவும் இல்லை. "நாப்பது போதும்னா, பதினொண்ணு மேலதானே இருக்குது?" என்று மட்டும் இரவு முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலர் நிதானமாகவே பேசினார். "ஆல் பாஸ் இருந்தா சொல்லும்மா, வெய்ட் பண்றேன். இல்லன்னா அடுத்த பேருக்குக் குடுக்கணும், பின்னாடி ஆள் நிக்குது."

"சார், ஒரு மாசம் டைம் கெடைக்குங்களா?"

"என் கையில இல்லம்மா."

முருகையன் கையை நீட்டினார். ஈரமும் உப்பும் ஒட்டியிருந்த விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினார்.

"ஐயா, வணக்கங்க. நான் பொண்ணோட அப்பா. மொத்தத்துல பதினொண்ணு ஜாஸ்தியா இருக்குதுங்க. எங்க கொறையுதோ அதுல போட்டுக்குங்க ஐயா. மீதிய நீங்களே வச்சிக்குங்க, எங்களுக்கு வேணாம்."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அவர் "சரிங்க, சரிங்க" என்றார். "இல்லீங்க, எங்க வேலைக்காகத்தான் அது பாதியில எழுந்து வந்துச்சு. பொண்ணு மேல தப்பு இல்லீங்க" என்றார். பின்னர் வெகுநேரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியை மகளிடம் திருப்பித் தந்தார்.

"உன்கிட்டயே பேசறாராம்."

அவள் அதைக் காதில் வைத்தாள்.

"நீயே சொல்லிடும்மா" என்றார் அலுவலர். அவர் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "விட்டுடலாமா?"

"விட்டுடுங்க சார்" என்றாள் செந்தமிழ், தந்தைக்குக் கேட்காதபடி.

அலுவலர் தொடர்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். காகிதங்கள் புரளும் ஓசை கேட்டது. "அடுத்து பிரியதர்ஷினி, போன் போடுப்பா. பாஸான்னு கேட்டுக்கோ" என்று அவர் யாரிடமோ சொன்னார். அங்கே யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.

மகளின் காதில் கைப்பேசி இன்னும் இருப்பதைக் கண்ட முருகையன், பேச்சு முடியவில்லை என்று எண்ணிக்கொண்டார். அருகில் வந்து, அலுவலருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற மரியாதையோடு மெல்லச் சொன்னார்:

"கேளும்மா. பதினொண்ணு ஜாஸ்தி இருக்குதுன்னு இன்னொரு வாட்டி சொல்லு."