சந்து முனையில் மணி

இராயபுரம் பங்குக் கோயிலின் ஏழைகள் உதவிச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. சம்பாதிக்கத்தக்க ஆண் இருக்கும் வீட்டுக்குக் கோதுமை ரவை கிடையாது. கெட்ட மனிதர்கள் போட்ட விதி அல்ல அது. கப்பலில் வந்த ரவை கொஞ்சம். நீட்டிய கைகள் அதிகம்.

பிலோமியின் கணவன் ஜேக்கப் சாராய வழக்கில் ஜெயிலுக்குப் போனபோது அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ரவை கொடுக்கத் தொடங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கத்து ஆட்களான அருள்பிரகாசமும் லியோனார்டும் காசிமேட்டுச் சந்துக்கு வந்து, அவள் வீட்டில் முழங்காலிட்டுச் செபம் சொல்லி, பையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அருள்பிரகாசம் ரயில்வே குமாஸ்தா. லியோனார்ட் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொய் அவருக்கு ஆகாது.

ஜேக்கப் விடுதலையானான். துறைமுகத்தில் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் வீடு திரும்பாமல் எங்கோ சுற்றுகிறான் என்றே சங்கத்தில் சொல்லி வைத்திருந்தாள் பிலோமி. ஒருநாள் தனியாக அந்தப் பக்கம் போன அருள்பிரகாசம், கொடியில் ஆண் சட்டை காய்வதையும் பின்கதவு வழியே ஒருவன் நழுவுவதையும் பார்த்தார். பிலோமி தலைகுனிந்து நின்றாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறிலிருந்து சந்து முனையிலேயே சைக்கிள் மணியை நீளமாக அடிக்கத் தொடங்கினார்.

"இன்னா அருளு, தேரா வருது? நாய்கூட மெர்சலாயி ஓடுது" என்று லியோனார்ட் கேலி செய்தார்.

மணி கேட்டதும் ஜேக்கப் எழுந்து கடற்கரைக்குப் போய்ப் படகு மறைவில் உட்கார்ந்துகொள்வான். அருள்பிரகாசமும் பிலோமியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, விடாத மழை. அன்றும் அருள்பிரகாசம் மணி அடித்துக்கொண்டுதான் வந்தார். வீட்டுக்குள் பாய் சுருட்டப்படாமல் கிடந்தது. பக்கத்தில் பாதி குடித்த கஞ்சி. லியோனார்ட் நிதானமாகச் செபமாலை சொன்னார். முடிவில், அலைந்து திரியும் குடும்பத் தலைவனை மாதா வீடு சேர்க்க வேண்டுமென்று வழக்கம்போல மன்றாடினார்.

பின்சுவருக்கு அப்பால் இருமல் கேட்டது. அடக்கப் பார்த்தும் அடங்காத இருமல்.

அருள்பிரகாசம் செபத்தின் நடுவிலேயே எழுந்து பின்கதவைத் திறந்தார். கடற்கரைவரை நடக்க முடியாமல், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஜேக்கப் மழையில் குந்தியிருந்தான். உடம்பு தொட்டால் சுட்டது.

லியோனார்ட் தம் துண்டால் அவன் தலையைத் துவட்டினார். தாமே ரிக்‌ஷா பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஏறுமுன் பிலோமியிடம் மெல்லச் சொன்னார்: "சங்கத்துல கேட்டா சொல்லிடுவேம்மா. எனக்குப் பொய் வராது."

கேட்டார்கள், சொன்னார். ரவை நின்றது. மறுநாளிலிருந்து லியோனார்டின் மனைவி ஹில்டா தன் வீட்டு உலையில் கூடுதலாக அரிசி போட்டாள். மூடிய தூக்குவாளியில் சோறு பிலோமி வீட்டுக்கு வந்தது. விதி தொடாத இடம் அது ஒன்றுதான்.

நெஞ்சில் சளி கட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முடிவதற்குள் ஜேக்கப் இறந்துபோனான். சங்கம் மறுபடி ரவை கொடுக்கத் தீர்மானித்தது. இப்போது தடை ஏதுமில்லை.

அந்த ஞாயிறு அருள்பிரகாசம் மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சந்துக்குள் நுழைந்தார். பையை வாங்கிக்கொண்ட பிலோமி பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மணி அடிச்சிகினே வந்திருக்கலாமேண்ணா" என்றாள். "உள்ள யாரோ எழுந்து போற மாதிரியாவது இருந்திருக்கும்."