ஓடு பிரித்த வீடு

ஓடு பிரித்த கூரை வழியாக வெயில் பட்டை பட்டையாக இறங்குகிறது, கீழே பாயில் ஒருத்தி கண்மூடித் தூங்குகிறாள், வாசற்படிக்கு வெளியே கஞ்சிக் கலயத்தோடு ஒருவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான், அவனைத் தாண்டி சட்டி பானையும் கோழிக்கூடும் தலையில் ஏற்றிக்கொண்டு காட்டை நோக்கிப் போகும் சனம், எல்லாவற்றுக்கும் மேலே எலிகளை மிதித்தபடி அம்மன், கோயமுத்தூரில் எங்கள் தெருப் பிளேக் மாரியம்மன் கோயிலின் வடக்குச் சுவரில் இதை வரைந்தது யார் என்று யாருக்கும் தெரியாது, கொள்ளைநோய் ஓய்ந்த கையோடு வரைந்தது, நூறு வருஷம் இருக்கும் என்பார்கள், வெயில் பட்டால் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் நோய் சாகும் என்று முனிசிபாலிட்டி ஆட்கள் அன்று ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள், ஊர் காட்டில் குடிசை போட்டுக்கொண்டது, அதையெல்லாம் கண்ணால் பார்த்தவன்தான் இப்படி வரைந்திருக்க முடியும். வேறு தேசங்களில் கொள்ளைநோய் நினைவாக, எலும்புக்கூடுகள் அரசனையும் பாதிரியையும் கைகோத்து ஆடவைக்கும் சுவர்ச் சித்திரங்களைப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன், பிணத்தருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவர்களையும், எங்கள் சுவரில் ஆட்டம் இல்லை, மூட்டை முடிச்சும் ஒரு கலயமும் மட்டும்தான்.

இருபத்தெட்டு வயதில் பத்திரிகைக்கு இதைப் பற்றி எழுதினேன், ஊரே ஓடியபோது ஓடாத தம்பி என்று தலைப்பு, அவன் அவளுக்குத் தம்பி என்று சுவர் சொல்லவில்லை, நான் சொன்னேன், அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றும் நான்தான் சொன்னேன், கற்பூரக் கரி அப்பிய அந்த முகத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் கூடப்பிறந்த வசந்தாமணி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் படிக்கிறாள், ஏங்கண்ணு, கஞ்சி கொண்டுபோறவன் மூஞ்சியை எதுக்கு அந்தப் பக்கம் திருப்பிட்டு நிக்கறான் என்கிறாள், அழுகையை மறைக்கிறானக்கா என்கிறேன், அழுகையா, ஓடற சனத்த ஏக்கமாப் பாக்கறவனாட்டத் தெரியுது எனக்கு, சரி, பேப்பர்காரன் நீ சொன்னா ஆச்சு என்று சிரிக்கிறாள், புருஷன் போன பிறகு என்னோடு வந்து என் மாடியறையிலேயே இருந்துவிட்டவள், கோயில் கமிட்டித் தலைவர் நஞ்சப்பன் அந்தக் கட்டுரையைக் கண்ணாடி போட்டுச் சித்திரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார், அதற்கும் அவள்தான் முதலில் பூ வைத்தாள்.

கொரோனாவின் இரண்டாவது அலை, தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, அக்கா காய்ச்சலோடு மாடியறையில், வெளியே ஒரு ஸ்டூல், அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நான்கு படி இறங்கி நிற்கிறேன், மூச்சுக் காற்று இந்தப் பக்கம் வந்துவிடும் என்று முகம் தானாகத் திரும்பிக்கொள்கிறது, படிக்கட்டுச் சன்னலுக்கு வெளியே யாரோ கட்டைப்பையோடு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களையே பார்க்கிறேன், கண்ணு, கதவைக் கொஞ்சம் தொற சாமி, மூச்சு முட்டுது, வெயிலாவது வரட்டும் என்கிறாள் உள்ளேயிருந்து, சன்னலைத் திறந்துக்கக்கா, எந்திரிக்க முடியல கண்ணு, டாக்டருக்குப் போன் பண்ணியிருக்கேன், வர்றாரு என்கிறேன், போன் பண்ணவில்லை, இறங்கிப் போகிறேன், அடுத்த நாள் காலையில் டிபன் பாக்ஸ் வைத்தபடியே இருக்கிறது. தலைமுதல் கால்வரை வெள்ளை உறை போட்ட இரண்டு பேர் வந்து அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார்கள், முகம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை, அதில் ஒருவர் படியில் நின்று, தூக்கத்துலயே போயிட்டாங்க சார், கஷ்டப்படல என்றார், எத்தனை வீட்டுப் படியில் அதைச் சொன்னாரோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன், கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன், கடைசிவரை நானே பார்த்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்து.

இன்று மத்தியானம் கோயிலுக்குப் போகிறேன், அடுத்த வாரம் கும்பாபிஷேகம், பெயிண்டர் மருதாசலம் ஸ்டூல்மேல் நிற்கிறார், சித்திரத்து வீட்டின்மேல் வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடு, இன்னும் ஈரம் காயவில்லை, பட்டை பட்டையான வெயில் எதுவும் இல்லை, ஓடில்லாம வீடு அரைகுறையா நின்னுதுங்க, வேய்ஞ்சு விட்டுட்டேன் என்கிறார், நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தானுங்க ஆரம்பிச்சேன், அடுத்து இவன் மூஞ்சி, அக்காவப் பாக்கற மாதிரி திருப்பிடறேன், பாசக்காரத் தம்பி எதுக்குங்க முதுகு காட்டோணும். நஞ்சப்பன் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டே, பின்னே, கும்பாபிசேகத்துக்கு வர்ற சனம் சாவு வீட்டுக்கா வருது, நல்லா சிரிச்ச மூஞ்சியாப் போடப்பா என்கிறார்.

திருப்பாதீங்க என்கிறேன், குரல் எனக்கே சத்தமாகக் கேட்கிறது, அவன் அழவில்லை, பயந்து நிற்கிறான், கலயத்தை வைத்துவிட்டுப் போக நிற்கிறான், எனக்குத் தெரியும் என்கிறேன், ஸ்டூலையும் நான்கு படியையும் பண்ணாத போனையும் அந்த இடத்தில் நின்றே சொல்லி முடிக்கிறேன், யாரிடமும் சொல்லாததை. நஞ்சப்பன் மெல்வதை நிறுத்துகிறார், விடுங்க, அன்னைக்கு யாருங்க உள்ள போனாங்க, எங்க வீட்டுலயும் அப்படித்தான் என்கிறார், ஆறுதலாகத்தான் சொல்கிறார், அந்த ஆறுதலைத்தான் நான் தலைப்புப் போட்டு எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன், கண்ணாடி போட்ட கட்டுரையைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் கவிழ்த்து வைக்கிறேன், மருதாசலம் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஓடுகளைத் துடைக்கத் தொடங்குகிறார், சிவப்பு ஒழுகிச் சுவரில் கோடு கோடாக இறங்க, அதைப் பிடிக்கத் துணி கீழே கீழே வருகிறது, கூடவே நூறு வருஷக் கரியும் கரைந்து வருகிறது.

சார், இங்க வாங்க, இது தூங்கலீங்களே என்கிறார்.

ஓடு போன இடத்தில் வெயில் மறுபடி பட்டை பட்டையாக இறங்குகிறது, கலயத்தோடு நிற்பவன் முன்போலவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி நிற்கிறான், பாயில் கிடப்பவளின் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கின்றன, வரைந்தவன் அன்றே திறந்துதான் வைத்திருக்கிறான், அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.