இடப்பக்க இறக்கை

அன்று காலை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பழைய மர விமானம் ஒன்றைப் பழுது பார்த்து, அண்ணன் முதன்முறையாக உயரே கொண்டுபோகும் நாள். காற்றில் அதன் இறக்கைகள் எவ்வளவு வளையும், எவ்வளவு முறுகும் என்று கணக்கிட்டு, அவன் கணினியிலேயே ஓட்டி ஒத்திகை பார்க்கச் சிமுலேட்டர் செய்து கொடுத்தவள் நான்.

“நேத்து ஓடுபாதை மேல ஓராள் உசரம் தூக்கிப் பாத்தேன். லேசா இடது பக்கம் சாயுது. உன் மெஷின்ல நேராத்தானே போச்சு?” என்றான்.

“என் கணக்கு தப்புங்கறியா?”

“ஐயோ தாயே, உன்னைக் குத்தம் சொல்ல நான் யாரு! இறக்கைக் கம்பியை இழுத்துக் கட்டினா சரியாயிடும்.”

அவன் கிளம்பியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மூக்கை உடைக்க வேண்டுமென்றே கணினியைத் திறந்தேன். எல்லாம் சரி. எரிச்சலோடு எழுந்தேன், நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: இரண்டு இறக்கைகளின் எண்களும் கடைசி இலக்கம்வரை ஒன்றே. மணல் மூட்டை ஏற்றி வலது இறக்கையை மட்டும்தான் அளந்திருந்தேன். இடதுக்கு அதையே பிரதி எடுத்துவிட்டேன். உலோக இறக்கைகளுக்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இது மரமாயிற்றே! கையால் ஒட்டிய இரண்டு மர இறக்கைகள் ஒன்றுபோல் இருக்காது; அண்ணன் சொன்ன சாய்வும் இடது பக்கம்தான்.

போனை அவன் எடுக்கவில்லை. ஓடுபாதைக்கு வண்டியை விரட்டினேன். விமானத்தில் ஏறி, இருக்கைப் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“இறங்கு.”

“ஏய், விளையாடாதே. நேரமானா காத்து பலமாயிடும்.”

“இறங்கப் போறியா இல்லையா?”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். வலது இறக்கையின் நுனிக்குத் தோள் கொடுத்து மேலே தள்ளச் சொன்னேன். விறைப்பாக நின்றது. இடதைத் தள்ளினான். சுலபமாக வளைந்தது. உள்ளே ஏதோ சடசடத்தது. அவன் முகம் வெளுத்தது.

துணி உறையைக் கத்தியால் கிழித்தோம். இறக்கையைத் தாங்கும் நடுச்சட்டத்தின் இணைப்பு பாதிக்கு மேல் விட்டிருந்தது. பசை பிடிக்கவே இல்லை.

“நான்தான் ஒட்டினேன்,” என்றான்.

“நான்தான் அளக்கல,” என்றேன்.

அழுதுகொண்டே அவனை அடி அடியென்று அடித்தேன். அவன் தடுக்கவே இல்லை.