நவம்பர் உறையின் முதல் வரி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு டிம்ப்னா, எண்பது வயது, ஒருநாள் காலை பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றாள். "இத ஆத்துல போடப் போறேன். தனியாப் போக மனசு வரல, கூட வர்றியா?" டப்பாவில் அவள் அப்பா பார்ட்லி டூஹி வைத்துப் போன முதல் உலகப் போர்ப் பதக்கம்.

2

முதல் வரைவு: 'எங்கள் ஊர் மோய் ஆறு அன்று சாம்பல் நிறத்தில்...'

(வேண்டாம். அது எப்போதும் அந்த நிறம்தான்.)

இரண்டாவது: பதக்கத்தின் விளிம்பில் 'எம். டூஹி' என்று பொறித்திருந்தது. எம் என்றால் மார்ட்டின், பார்ட்லியின் அண்ணன். அவரைப் பற்றி டிம்ப்னா வீட்டில் பேச்சே கிடையாது. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, பூசையில் நினைப்பதற்காக உறையிலிட்டுத் தேவாலயப் பலிபீடத்தில் வைப்பார்கள். அவள் அப்பா முதலில் எழுதியது எப்போதும் மார்ட்டினைத்தான்.

இதை வைத்து டிம்ப்னாவின் தம்பி மலாக்கி, அப்பா இறந்த பிறகு, நாற்பது வருடத்துக்கு முன்பே முடிவுகட்டிவிட்டான்.

"போருக்குப் போய்ச் செத்தது பெரியப்பா. அப்பா வீட்டத் தாண்டல."

"கால்ல குண்டு பட்டுச்சுன்னு சொன்னாரேடா?"

"குண்டாம் குண்டு! வைக்கோல் வண்டியிலேர்ந்து விழுந்திருப்பாரு. செத்தவரு பதக்கத்த வச்சு ஊர ஏமாத்தியிருக்காரு, அக்கா."

"டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு நீ."

3

டிம்ப்னாவைப் போல நானும் மலாக்கியை நம்பினேன். பொய்ப் பதக்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டு சாக அவளுக்கு விருப்பமில்லை. பொய்யர் ஒருவரின் மகள் என்றால் எழுதுகிறவருக்குக் கசக்குமா? 'அவள் வீசியபோது தண்ணீர் ஒரு கணம்' என்று பாதி வாக்கியம் எழுதியும் வைத்தேன். (அடிக்கவில்லை. என் வெட்கத்துக்காக இருக்கட்டும்.)

ஆற்றுக்குப் போகும் வழியில் டிம்ப்னா கோயில் அலுவலகத்தில் நின்றாள். பதக்கத்தை எறியும் முன் மார்ட்டினுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும். அதற்கு அவர் இறந்த தேதி வேண்டும். பழைய பதிவேட்டில் இருந்தது. மார்ட்டின் டூஹி, பிறப்பு 1896. அடக்கம் அதே ஆண்டு. வயது ஐந்து வாரம்.

டிம்ப்னா அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு விரல்களை மடக்கினாள்.

"அப்பா பொறந்தது தொண்ணூத்தொம்பது. பட்டாளத்துக்குப் போனேன்னு சொன்னது ஆயிரத்தித் தொளாயிரத்திப் பதினஞ்சுல. அப்ப அவருக்கு வயசு பதினாறுதான். பத்தொம்பது இல்லாட்டி சேக்கமாட்டாங்க... செத்துப்போன அண்ணனோட ஞானஸ்நானச் சீட்டக் காட்டியிருக்காரு, திருட்டுப் பய!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருடமாகத் தூக்கி வந்த மூட்டையை இறக்கியவளின் சிரிப்பு அது.

வெளியே வந்ததும் மலாக்கிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப வைக்கோல் வண்டி?"

"அதுல நீ ஏறி ஒக்காரு."

4

மலாக்கி வந்து மன்னிப்புக் கேட்டதாக முடிக்கலாம். (அவன் கேட்க மாட்டான்.) பார்ட்லி ஒவ்வொரு நவம்பரிலும் என்ன நினைத்தார் என்று எழுதலாம். (எனக்குத் தெரியாது.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். இது நவம்பர். டிம்ப்னா பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் அம்மா, சித்தி, இரண்டு மாமாக்கள் எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் வரி மட்டும் காலி. தன் பெயரைக் கடன் கொடுத்த குழந்தையா, அதை வாங்கிக்கொண்டு போய் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவரா?

"யார மொதல்ல போடட்டும்?" என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதப் போவதில்லை. நீங்களே ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் தப்பில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று வருகிறது. தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் பதக்கத்தை வைத்திருக்கிறோம்.