பின்சீட்டில் லீலா

கார் வாங்க வருகிறவர்கள் ஹாரனை அமுக்கிப் பார்ப்பார்கள், கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்வார்கள். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கையோடு கூட்டிவந்து, "முதல்ல இவ ஏறி உக்காரட்டும்" என்று சொன்னவர்கள் அந்த ஆர்ச்சர்ட் ரோடு கடையில் அதுவரை யாரும் இல்லை போலிருக்கிறது. விற்பனையாளர் பாலகிருஷ்ணனின் முகம் போன போக்கைப் பார்த்துச் சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சந்திரமதி தேக்கா வட்டாரத்து மருத்துவச்சி. வீட்டில் பார்க்கக்கூடிய பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துவிடுவாள். சிக்கல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். அனுப்புவதில்தான் வினையே. வலியில் துடிக்கிற பெண்ணைக் கண்டதும் டாக்சிக்காரர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை முளைத்துவிடும். சீட்டு பாழாகிவிடுமாம்.

இப்போது கடைக்குக் கூட வந்திருக்கும் இந்த லீலாவை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்சிக்காரன் ஏற்றினான். சந்திரமதி அன்று வேறொரு வீட்டுப் பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். புக்கித் தீமா சாலையில் பனிக்குடம் உடைந்து சீட்டு நனைந்ததும், அவன் வண்டியை நிறுத்தி "இறங்கு" என்றான். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிற தூரம். கால்வாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு லீலா நடந்தே போனாள். பிள்ளை தங்கவில்லை. நடந்ததால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. சந்திரமதிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்த வாரமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினாள். லீலா மறுபடி உண்டானதும், "இந்தத் தடவை என் வண்டியில போற" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கடையில் இரண்டு சின்னக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சந்திரமதியின் கணவன் தனசேகரன் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் மனசு பச்சைக் காரிடம் எப்போதோ போய்விட்டது. இரண்டே கதவு, பளபளப்பு, அமுக்கினால் கை புதைகிற மெத்தை.

"உக்காந்து பாரு மதி. என்னா சுகம்லா."

முன்சீட்டை மடக்கிவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும். லீலா குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். வயிறு இடித்தது. பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்து ஒருவழியாக நுழைந்தாள். உட்கார்ந்ததும் மெத்தை அவளை விழுங்கிவிட்டது. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"வீட்டு சோபாவுக்கு நல்ல மெத்தை" என்றாள் சந்திரமதி.

பாலகிருஷ்ணன் ஒரு புத்தகத்தை நீட்டினார். "உள்ளளவு எல்லாம் இதுல இருக்கு மேடம். கால் நீட்ட இவ்ளோ, தலைக்கு மேல இவ்ளோன்னு."

"கால்சட்டை போட்டவங்களுக்கு எடுத்த அளவு அது. இதுல வயிறு எங்க இருக்கு?"

சாம்பல் நிறக் காருக்கு நான்கு கதவு. அழகு குறைச்சல்தான். சீட்டு பள்ளிக்கூடத்து பெஞ்சுபோல விறைப்பாக இருந்தது. தனசேகரன் முகத்தைச் சுளித்தான். புது வண்டியாயிற்றே என்று லீலா செருப்பைத் தரையில் விட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கிக் கொஞ்சம் படுத்தும் பார்த்தாள். சந்திரமதி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இடது கையைப் பின்னால் நீட்டினாள். கை நேராக லீலாவின் வயிற்றுக்குப் போனது. உள்ளே பிள்ளை ஓர் உதை விட்டது.

பாலகிருஷ்ணனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "பிரசவத்துக்கா வண்டி? என்ன மேடம் இது. சீட்டுல ஏதாச்சும் பட்டா அப்புறம் யார் வாங்குவாங்க? அந்தம்மாவ இறங்கச் சொல்லுங்க." சந்திரமதி வாயைத் திறப்பதற்குள், செருப்பைக் காலால் கதவோரம் தள்ளிவிட்டு அவரே சொன்னார். "இறங்கும்மா."

லீலா நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கவே இரண்டு நாள் யோசிப்பாள். அவள் முன்சீட்டின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்க மாட்டேன்."

"என்னம்மா இது..."

"ஒரு தடவை இறங்கிட்டேன். போதும். இனிமே எவன் சொன்னாலும் இறங்க மாட்டேன்."

இரண்டு வருடமாகத் தான் கேட்கக் காத்திருந்த குரல் இதுதான் என்று சந்திரமதிக்குத் தோன்றியது.

"இந்த வண்டிதான். பேப்பரை இங்கேயே கொண்டு வாங்க" என்றாள். "கறை படட்டும். அதுக்குத்தான் வாங்குறேன்."

வீட்டு ஆண்பிள்ளை என்ன சொல்கிறார் என்று பாலகிருஷ்ணன் தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் பச்சைக் காரை ஒருமுறை பார்த்துக்கொண்டான். தன் செருப்பையே கையால் தொடாதவன் அவன். குனிந்து லீலாவின் செருப்பை எடுத்தான். தூசியைத் தட்டி, அதை வண்டிக்குள் அவள் காலருகே வைத்துக் கதவைச் சாத்தினான்.

"பேனா இருக்கா தம்பி?" என்றான். "மதி பேருல எழுதுங்க."