ஸீரி கோவேறு கழுதை ஏறிய நாள்

1

ஒரு கல்லில் உட்கார்ந்ததால் வந்த கதை இது. எங்கள் அட்லஸ் மலைக்கோட்டையில் ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தேன். "எந்திரிங்க, அது கல்லறை" என்றார் ஆடு மேய்ப்பவர். இவ்வளவு குட்டையாகவா? பட்டத்து இளவரசனாம், ஏழு வயதில் போய்விட்டானாம். பெயர் மிஞ்சவில்லை. ஸீரி என்று வைத்தது நான்தான்.

2

'போர்மேகங்கள் சூழ்ந்த அந்தக் குளிர்காலத்தில்...' வேண்டாம். ஏழு வயதுக்காரனுக்கு இவ்வளவு மேகம் எதற்கு?

'ஸீரிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.' இது இருக்கட்டும்.

3

ஸீரியின் அப்பா, நாட்டை ஆளும் அமீர், போரில் தோற்று மாண்டார் என்று வதந்தி. முற்றத்தில் மலைக்குடித் தலைவர்கள் கூடிவிட்டார்கள். வாரிசைக் கண்ணால் பார்த்தால் விசுவாசம் சொல்வார்கள். இல்லையென்றால் அவன் சித்தப்பன் பக்கம் போவார்கள். ஸீரிக்கோ நேற்றிலிருந்து காய்ச்சல்.

"வெளிய காத்து எப்படி அடிக்குது பாருங்க. அனுப்ப மாட்டேன்" என்றாள் இஸ்ஸா. அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள்.

"சித்தப்பன் வந்தா மொதல்ல யாரைக் கொல்லுவான்னு யோசிச்சியாம்மா?" என்றார் மந்திரி கஸ்ரூன்.

இஸ்ஸா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். ஸீரிதான் எழுந்து உட்கார்ந்தான். "வெள்ளைக் கோவேறு கழுதையில ஏத்துவீங்களா?"

(கஸ்ரூனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். அவர் தன் கம்பளி அங்கியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டார். என் ஆட்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.)

4

கழுதையின் பக்கத்திலேயே, அங்கிக்குள் கைவிட்டு அவன் காலைப் பிடித்தபடி நடந்தாள் இஸ்ஸா. கால் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. தலைவர்கள் ஒவ்வொருவராக அவன் முழங்காலை முத்தமிட, "ஏத்துக்கிட்டோம்" என்று காற்றுப் போகும் வாயால் சொல்லிக்கொண்டே வந்தான். சித்தப்பனுக்கு நெருக்கமான ஹம்மு குனிந்தபோது மட்டும் நிறுத்தினான்.

"உங்க தாடிக்குள்ள குருவி இருக்கா?"

மற்ற தலைவர்கள் ஹம்முவின் முகத்தைப் பார்த்தார்கள். இஸ்ஸாவின் பிடி இறுகியது.

"ரெண்டு இருக்கு ராசா" என்றார் ஹம்மு. "ஒண்ணு முட்டை வெச்சிருக்கு. சத்தம் போடாதீங்க."

ஸீரி சிரித்தான். முற்றமே சிரித்தது. ஹம்மு முழங்காலை முத்தமிட்டார். சித்தப்பனின் கதை அங்கேயே முடிந்தது.

5

அந்த வாரக் கடைசியில் ஸீரி

இந்த வாக்கியத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன். அவனைப் பிழைக்க வைத்தும் எழுதிப் பார்த்தேன். தாடியோடு அரியணை ஏறினான். நன்றாகவே இருந்தது. ஆனால் நான் உட்கார்ந்த கல் அதற்கு ஒத்துவரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அமீர் உயிரோடு திரும்பிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. கஸ்ரூன் இஸ்ஸாவிடம் போய் நின்றார்.

"நாடு பொழைச்சுதும்மா."

"நாட்டுக்கா நான் பால் குடுத்தேன்?"

அவர் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் அவரே ஜெயித்தார். மூன்றையும் அடித்துவிட்டேன். இப்போது அவர் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அவள் கண்ணைத் துடைக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.